‘கடல் மருந்து’ என்னும் வழக்கு: ஒரு திறனாய்வு

விஞ்ஞானப் பொருள்பற்றித் தமிழில் எழுதப்படும் கட்டுரைகள் ஆண்டுதோறும் பெருகி வருகின்றன. இது மகிழத்தக்கதே. ஆயினும், எண்ணிக்கையாற் பெருகுவது தரத்தாலும் உயர்கின்றதா என ஆராய்தல் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய கடமையாகும். அவ்வாராய்ச்சிக்கு ஈண்டு ஒரு பொருளை எடுத்துக்கொள்வாம். கடல்வாழ் உயிர்களிலிருந்து வைரசு நோய்களுக்கு மருந்து தேடும் முயற்சியே அப்பொருள். 2020 ஆம் ஆண்டிற் கோவிட் பெருந்தொற்று உலகெங்கும் பரவியதன் பின்னர் இம்முயற்சி பற்றிய கட்டுரைகளும் மேடைப் பேச்சுக்களும் பாடசாலைக் கண்காட்சிச் சுவரொட்டிகளும் மிகுந்தன. அவற்றை ஒருங்கே நோக்குவார்க்கு மூன்று வாக்கியங்கள் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். ‘கடற்பஞ்சிலிருந்து வைரசு மருந்து எடுக்கப்பட்டுள்ளது’ என்பது ஒன்று. ‘கடற்பாசி வைரசைக் கொல்லும்’ என்பது மற்றொன்று. ‘நம் கடலில் எல்லா நோய்க்கும் மருந்து உண்டு’ என்பது மூன்றாவது.

இவ்வாக்கியங்களை எழுதுவோர் பொய்யுரைக்க எண்ணியவரல்லர். ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் உண்மை கிடக்கின்றது. ஆனால், ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டிலிருந்து நோயாளியின் படுக்கைவரை அவ்வுண்மை நடக்கவேண்டிய வழி நெடியது. வாக்கியமோ அவ்வழியை ஒரே தாவலிற் கடந்துவிடுகின்றது. அத்தாவலில் எவையெவை விடுபட்டன என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் அடிப்படையை நினைவு கூர்தல் வேண்டும். பற்றீரியா தனக்கென உடலும் தொழிற்பாடும் உடைய உயிர். வைரசு அத்தகையதன்று. அது நம் உடற் கலத்தினுட் புகுந்து அக்கலத்தின் கருவிகளையே கையாண்டு பெருகும். ஆகவே, வைரசை அழித்தல் அரிதன்று. கலத்துக்கு ஊறு செய்யாது வைரசை மட்டும் அடக்குதலே அரிது. சவர்க்காரமும் பல வைரசுகளை அழிக்கும். அதனை ஊசிமூலம் உடலில் ஏற்றுவார் இலர். ஒரு பொருள் கண்ணாடித் தட்டில் வைரசை அடக்கியது என்று கேட்டவுடன் நம் மனத்தில் எழவேண்டிய வினா, ‘அத்தட்டில் இருந்த கலத்துக்கு என்ன நேர்ந்தது?’ என்பதாகும். நம் கட்டுரைகளில் இவ்வினாவைக் காண்டல் அரிதாயுள்ளது.

இனிக் கடற்பஞ்சின் வரலாற்றைப் பார்ப்போம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேர்ணர் பேர்க்மான் என்பவரும் அவர்தம் துணைவர் றொபேட் பீனியும், புளோரிடாக் கரையை அடுத்த கடலில் 1945 ஆம் ஆண்டு சேகரித்த ஒரு கடற்பஞ்சினை ஆராய்ந்து, 1950, 1951 ஆம் ஆண்டுகளில் தம் முடிபுகளை வெளியிட்டனர். அப்பஞ்சில் அவர்கள் கண்ட பொருள்கள் நியூக்கிளியோசைட்டு வகையின. மரபணுப் பொருளைக் கட்டும் செங்கற்களின் முன்னுருவம் நியூக்கிளியோசைட்டு எனலாம். அதில் ஒரு மூலத்தோடு ஐந்து காபன் அணுக்களுள்ள ஒரு வெல்லம் இணைந்திருக்கும். உயிர்களில் வழக்கமாகக் காணப்படும் வெல்லம் றைபோசும் அதன் ஒட்சிசன் குறைந்த வடிவமுமாம். இப்பஞ்சிலோ அரபினோசு என்னும் வெல்லம் இருந்தது. றைபோசுக்கும் அரபினோசுக்கும் இடையேயுள்ள வேறுபாடு மிகச் சிறிது. இரண்டாங் காபனில் உள்ள ஐதரொட்சிற் கூட்டம் ஒன்றிற் கீழ்நோக்கி நிற்கும்; மற்றொன்றில் மேல்நோக்கி நிற்கும். அவ்வளவே.

இச்சிறு திருப்பத்தின் பயன் பெரிது. பிழையாக அறுத்த செங்கல்லை அறியாது எடுத்து வைக்கும் கொத்தனார்போல, மரபணுச் சங்கிலியைக் கட்டும் நொதியம் இப்போலிப் பொருளை ஏற்றுத் தடுமாறும். கட்டட வேலை தளரும். வெல்லப் பகுதியை மாற்றினாலும் நொதியம் ஏமாறும் என்பதைக் கற்பித்தது கடற்பஞ்சு. இதுவே அதன் கொடை. அப்பஞ்சிற் கிடைத்த பொருள்கள் தாமே மருந்தாகி மருத்துவமனைக்கு வந்தனவல்ல. அவை காட்டிய வடிவினைக் கண்ட இரசாயனவியலாளர் அதுபோன்ற வேறு பொருள்களை ஆய்வுகூடத்தில் ஆக்கினர். அரபினோசோடு அடெனின் என்னும் மூலம் இணைந்த பொருள் 1960 ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆக்கப்பட்டது. அன்று அவர்கள் நாடியது புற்றுநோய்க்கு மருந்து. அதன் வைரசு எதிர்ப்பு ஆற்றல் 1964 இலேதான் அறியப்பட்டது. விடாறபின் என்னும் பெயரால் அது 1976 இல் அமெரிக்க அரசின் ஒப்புதலைப் பெற்றது.

அடுத்து நிகழ்ந்தது இன்னும் சுவையானது. மண்ணில் வாழும் ஸ்திரெப்டோமைசிசு இன நுண்ணுயிரும் இதே பொருளை உண்டாக்குவது தெரியவந்தது. 1984 ஆம் ஆண்டு மத்தியதரைக் கடலின் கடல்விசிறி ஒன்றிலும் அது கண்டுபிடிக்கப்பட்டது. மனிதர் ஆக்கி இருபத்துநான்கு ஆண்டு கழிந்த பின்னரே அப்பொருள் கடலிற் காணப்பட்டது என்க. ‘கடற்பஞ்சிலிருந்து எடுத்த மருந்து’ என்னும் வாக்கியம் இவ்வரலாற்றின் எந்தப் பகுதிக்கும் பொருந்தாமை காண்க. ‘கடற்பஞ்சிற் கண்ட வடிவினைக் கற்று ஆக்கிய மருந்து’ என்பதே நேரிய கூற்று. பின்னையது முன்னையதிலும் ஒரு சில சொற்களே நீண்டது. ஆனால் கற்றல் என்னும் மனிதச் செயல் அதிலேதான் இடம்பெறுகின்றது.

அம்மருந்தின் பயன் எத்தகையது? ஹேர்ப்பிசு வைரசினால் மூளையில் அழற்சி உண்டாகும் கொடிய நோயில் விடாறபினை ஆராய்ந்தோர் 1977 இல் தம் முடிபை வெளியிட்டனர். மருந்து பெறாதாருள் நூற்றுக்கு 70 பேர் இறந்தனர்; பெற்றாருள் நூற்றுக்கு 28 பேர் இறந்தனர். நோயாளர் தொகை மிகச் சிறிது. மொத்தம் 28 பேரே. எனினும் அதுகாறும் கையற்று நின்ற மருத்துவர்க்கு அது பெருந்துணையாயிற்று. பின்னர் அசைக்குளோவிர் என்னும் மருந்து வந்தது. 1986 இல் வெளியான ஒப்பீட்டில் விடாறபின் பெற்றாருள் நூற்றுக்கு 54 பேரும் அசைக்குளோவிர் பெற்றாருள் 28 பேரும் இறந்தனர். நீரிற் கரைதல் குறைந்ததும் உடலில் விரைவாக மாற்றமடைவதுமான பழைய மருந்து மெல்ல வழக்கொழிந்தது. மருந்துக்கும் பிறப்பும் மூப்பும் உண்டு. இவ்விரண்டாம் பாதியைச் சொல்லாது முதற் பாதியை மட்டும் கூறும் கட்டுரை, வழக்கிலில்லாத மருந்தை வாசகன் கையிற் கொடுக்கின்றது.

சிலர் இன்னும் ஒருபடி மேலே சென்று, எச்.ஐ.வி. மருந்தாகிய சிடோவுடின், கோவிட் நோய்க்குக் கொடுக்கப்பட்ட றெம்டெசிவிர் ஆகியவற்றையும் கடற்பஞ்சின் கணக்கில் எழுதிவிடுகின்றனர். வெல்லத்தை மாற்றிப் போலிச் செங்கல் ஆக்குதல் என்னும் பொதுக் கருத்தில் இவை கடற்பஞ்சிற் கண்ட பொருள்களுக்குத் தூரத்து உறவு என்பது உண்மை. ஆயினும் இவை ஆய்வுகூடத்திற் பிறந்தவை, கடலிலிருந்து எடுக்கப்பட்டவையல்ல. தூரத்து உறவினனைப் பெற்ற பிள்ளை என்று உறுதி எழுதினால் நம்மூர் நொத்தாரிசு ஒப்புவாரா?

இரண்டாம் வாக்கியம் கடற்பாசி பற்றியது. செங்கடற்பாசி ஒன்றின் சாறு, இன்புளுவென்சா பி வைரசும் கூகைக்கட்டு வைரசும் ஏற்றப்பட்ட கோழி முட்டைக் கருக்களைக் காத்தது என்று 1958 இல் ஆய்வாளர் அறிவித்தனர். அச்சாற்றிற் செயற்பட்டவை பல்சக்கரைட்டுக்கள். செங்கடற்பாசிகளிலிருந்து பெறப்படும் கராசீனனும் அவ்வினத்தது. கந்தகங் கொண்ட சல்பேற்றுக் கூட்டங்கள் அதற்கு எதிர் மின்னேற்றத்தை அளிக்கின்றன. நேர் மின்னேற்றமுள்ள வைரசின் மேற்புறப் பகுதிகளில் அது ஒட்டிக்கொள்வதால் வைரசு கலத்திற் பற்றுதல் தடைப்படுகின்றது. வாசலை அடைத்து நிற்கும் காவலன் செயல் இது, கொல்லும் செயலன்று. ‘கொல்லும்’ என்ற வினைச்சொல் இங்கே முதற் பிழை.

இரண்டாவது பிழை இன்னும் பாரதூரமானது. கராசீனன் எச்.ஐ.வி. தொற்றைக் கண்ணாடித் தட்டில் நன்கு தடுத்தது. அதனை நம்பி, பெண்கள் தம்மைக் காத்துக்கொள்ளும் பசை ஒன்று ஆக்கப்பட்டது. தென்னாபிரிக்காவில் 6,200 இற்கு மேற்பட்ட பெண்கள் பங்குபற்றிய பெருஞ் சோதனையில் அது ஆராயப்பட்டது. 2008 இல் வெளியான முடிபு யாது? பசை தீங்கற்றது, ஆனால் தொற்றைத் தடுக்கவில்லை. ஆய்வுகூடத்தில் வென்றது வாழ்வில் தோற்றது. மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்த திருவள்ளுவர் நோயுற்றவனை முதலில் வைத்தார். மருந்தை மூன்றாவதாக வைத்தார். அம்முறைவைப்பின் அருமை இத்தகைய இடத்திலே விளங்குகின்றது. மருந்து எது என்று தீர்ப்பளிக்கும் இடம் நோயுற்ற மனிதனே அன்றிக் கண்ணாடித் தட்டு அன்று.

இதனால் கராசீனன் பயனற்றது என்று தள்ளிவிடுதலும் பொருந்தாது. ஆர்ஜென்டீனாவில் கோவிட் நோயாளரைப் பராமரித்த 394 மருத்துவப் பணியாளரிடையே ஐயோட்டா வகைக் கராசீனன் கலந்த மூக்குத் தெளிகருவி ஆராயப்பட்டது. தெளிகருவி பெற்ற 196 பேருள் 2 பேருக்கும், வெறுங் கரைசல் பெற்ற 198 பேருள் 10 பேருக்கும் நோய் கண்டது. முடிபு 2021 இல் வெளியாயிற்று. ஊக்கந் தரும் முடிபு. ஆயினும் சிறு தொகையிற் பெற்றது. பன்னிரண்டு நோயாளரைக் கொண்டு ஓர் உலக விதியை நிறுவலாகாது. ‘மூக்கில், இவ்வகைக் கராசீனன், சிலரிடத்தில், ஓரளவு காத்தது’ என்று கூறுவதே நேர்மை.

‘இவ்வகை’ என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதினேன். வடமாகாணக் கடல்களில் அண்மை ஆண்டுகளிற் பயிரிடப்பட்டு வரும் கடற்பாசி கப்பாபைக்கசு இனத்தது. அதிலிருந்து பெறப்படுவது பெரும்பாலும் கப்பா வகைக் கராசீனன். மூக்குத் தெளிகருவியில் ஆராயப்பட்டதோ ஐயோட்டா வகை. அது பிறிதோர் இனப் பாசியில் மிகுதியாக உள்ளது. பெயரிற் பாதி ஒன்றாயிருத்தலால் பண்பும் ஒன்றாகிவிடாது. ‘கிளிநொச்சிக் கடற்பாசி கோவிட் நோயைத் தீர்க்கும்’ என்று ஒரு மாணவன் கண்காட்சியில் விளக்கம் கூறக் கேட்டிருக்கிறேன். அவன் குரலில் ஊர்ப்பற்று இருந்தது. அவன் படித்த கட்டுரையிலேதான் இவ்வேறுபாடு இல்லை. குறை எழுதியவரைச் சாரும், படித்தவனைச் சாராது.

மூன்றாம் வாக்கியத்துக்கு வருமுன் நஞ்சினைப் பற்றியும் ஒரு சொல். கடலடியில் ஓரிடத்தில் ஒட்டி வாழும் உயிர்கள் ஓடித் தப்ப இயலாதவை. அவற்றுட் பல, இரசாயனப் பொருள்களையே தம் படைக்கலமாகக் கொண்டுள்ளன. ஆய்வாளர் அவற்றை நாடுவதற்கு இதுவே காரணம். ஆனால் படைக்கலம் எவரையும் வெட்டும். கரிபியன் கடலின் உறையுடலி ஒன்றிலிருந்து பெறப்பட்ட டிடெம்னின் பி என்னும் பொருள் ஆய்வுகூடத்தில் வைரசுகளையும் புற்றுக் கலங்களையும் அடக்கியது. மனிதரிற் புற்றுநோய்க்கு ஆராய்ந்தபோது அதன் நச்சுத்தன்மை காரணமாகக் கைவிடப்பட்டது. அதன் உறவாகிய பிளிற்றிடெப்சின் மத்தியதரைக் கடல் உறையுடலியிலிருந்து கிடைத்தது. கோவிட் வைரசை அது றெம்டெசிவிரினும் பன்மடங்கு வலிமையுடன் கலங்களில் அடக்கியது என 2021 இல் அறிவிக்கப்பட்டபோது உலகமே வியந்தது. நோயாளரிடையே நடத்தப்பட்ட பெருஞ் சோதனையோ, திட்டமிட்ட தொகையினரைச் சேர்க்குமுன்னரே முடிக்கப்பட்டது. பயன் உறுதியாக நிறுவப்படவில்லை. முதற் செய்தியைத் தமிழில் எழுதியோர் இரண்டாஞ் செய்தியையும் எழுதக் கடமைப்பட்டவராவர்.

‘நம் கடலில் எல்லா நோய்க்கும் மருந்து உண்டு’ என்பது மூன்றாம் வாக்கியம். நம் கடலை ஆராய்ந்தோர் உளர். தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடலுயிரியல் மையத்தைச் சார்ந்த கதிரேசன் முதலானோர் 1990 களில் கண்டல் முதலிய கரையோரத் தாவரங்களின் வைரசு எதிர்ப்பு ஆற்றலை முறையாக ஆராய்ந்தனர். ஜப்பானிய ஆய்வாளரோடு கூடி, கண்டல்வகைத் தாவரச் சாறுகள் எச்.ஐ.வி. தொற்றைக் கலங்களில் தடுப்பதையும் காட்டினர். கண்டலும் கண்ணாவும் நம் கடனீரேரிக் கரைகளிலும் வளர்வன ஆதலின் இவ்வாய்வு நமக்கு அயலானதன்று. கடலட்டையிலுள்ள சல்பேற்றுப் பல்சக்கரைட்டுக்களும் கலங்களில் வைரசு பற்றுதலைத் தடுப்பது பிற நாடுகளில் அறியப்பட்டுள்ளது. இவை போற்றத்தக்க முயற்சிகள். ஆயினும் இவை யாவும் வழியின் முதற்படிகள். முதற்படியில் நிற்பதைக் கோபுர வாசலில் நிற்பதாக எழுதுவது அவ்வறிஞர்க்குச் செய்யும் சிறப்பன்று. அவர்தம் அளந்த சொற்களை நாம் அளவின்றி ஆக்கிவிடுகின்றோம்.

இவ்வழக்கினால் விளையும் கேடு எழுத்தோடு நிற்பதன்று. கடலட்டை நம் தீவுப்பகுதிக் கடல்களில் வாழ்வது. உலர்த்திக் கீழைநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யப்படுவது. இந்தியா 2001 ஆம் ஆண்டு முதல் அதனைப் பிடித்தலை முற்றாகத் தடுத்துள்ளது. நம் கரையில் அது பிடிக்கவும் வளர்க்கவும் படுகின்றது. அண்மைக் காலத்து அட்டைப் பண்ணைகள் பற்றி மீனவரிடையே கடும் வாதம் நிகழ்ந்துள்ளது. இந்நிலையில் ‘அட்டையில் வைரசு மருந்து உண்டு’ என்னும் அளவற்ற சொல் விலையை ஏற்றும். விலை, வலையை ஏற்றும். உண்மையில் மருந்தாக்கத்துக்குக் கடலைச் சூறையாட வேண்டுவதில்லை. நியூசிலாந்துச் செங்கடற்பாசி ஒன்றிலிருந்து 2005 இல் அறிவிக்கப்பட்ட கிரிபித்சின் என்னும் புரதம் எச்.ஐ.வி.யை மிகச் சிறிய அளவிலேயே தடுப்பது. ஆய்வுக்கு வேண்டிய தொகையை அறிஞர் கடலிலிருந்து அள்ளவில்லை. புகையிலைச் செடியில் உண்டாக்கிப் பெற்றனர். புகையிலையை நன்கறிந்த நம் குடாநாட்டார்க்கு இச்செய்தி இனிக்கவேண்டும். கடலுயிர் தரவேண்டியது அறிவு. அதற்கு அவ்வுயிர் கடலில் எஞ்சியிருத்தல் வேண்டும்.

மற்றொரு கேடு நோயாளர் இல்லத்தில் விளைகின்றது. பெருந்தொற்றுக் காலத்தில் எத்தனையோ குடும்பங்கள் அச்சத்தாற் கண்டதையெல்லாம் வாங்கின. அச்சிட்ட எழுத்துக்கு நம் மக்கள் கொடுக்கும் மதிப்புப் பெரிது. ‘தடுத்தது’ என்று இருக்கவேண்டிய இடத்தில் ‘தீர்க்கும்’ என்று ஒரு பட்டதாரி எழுதினால், அதனை நம்பி மருத்துவரிடம் செல்லத் தாமதிப்பவர் இருப்பர். அத்தாமதத்துக்கு எழுதியவரும் பொறுப்பாளரே.

இதற்கு மறுப்பொன்று கூறுவர். இவ்வளவு நுணுக்கம் பார்த்தால் மாணவர்க்கு விஞ்ஞானத்தில் ஆர்வம் எழுமா? சற்று மிகைபடக் கூறினாலன்றோ இளையோர் நாடுவர்? இம்மறுப்பைப் புறக்கணித்தல் ஆகாது. வகுப்பறையில் நிற்பவர்க்கு இதன் வலிமை தெரியும். ஆனால் மேலே கண்ட வரலாற்றை நோக்குக. ஓர் ஐதரொட்சிற் கூட்டம் மேல்நோக்கித் திரும்பியதால் ஒரு மருந்துக் குலமே தோன்றியது. புற்றுக்குத் தேடியது வைரசுக்குக் கிடைத்தது. மனிதன் ஆக்கியதைப் பின்னர் கடலிற் கண்டான். ஆறாயிரம் பெண்கள் பங்குபற்றிய சோதனை ஆய்வுகூட வெற்றியைப் புறங்கண்டது. இவற்றினும் சுவையான மிகையை எவர் புனைவார்? மெய்யை முழுவதும் சொல்லாமையே சுவையைக் குறைக்கின்றது.

வட்டுக்கோட்டையில் 1823 இல் நிறுவப்பட்ட செமினரியில் மேனாட்டு விஞ்ஞானம் கற்பிக்கப்பட்டது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஷ் கிறீன், ‘இரண வைத்தியம்’, ‘கெமிஸ்தம்’ முதலிய நூல்களைத் தமிழில் ஆக்குவித்து, பெயர்ச்சொற்களுக்காகப் பெரிதும் உழைத்தார். அவர் காலத்துக்குப் பின் கலைச்சொற் குழுக்கள் பல பெயர்ச்சொற்களைத் தந்தன. நாம் இன்று வழுவுவது வினைச்சொற்களில். ஆகவே நம் கட்டுரையாளர்க்கும் மாணவர்க்கும் ஓர் ஒழுங்கினை முன்வைக்கின்றேன். கண்ணாடித் தட்டிற் கண்டதை ‘கலத்தில் தடுத்தது’ என்க. எலியிற் கண்டதை ‘விலங்கிற் காத்தது’ என்க. மனிதரிற் சோதித்ததை ‘இத்துணை பேரிடம், இன்னதனோடு ஒப்பிட்டு ஆராயப்பட்டது’ என்க. ஒப்புதல் பெற்றதை மட்டும் ‘மருந்து’ என்க. அஃது இன்றும் வழக்கில் உள்ளதா என்பதையும் கூடவே கூறுக.

ஐந்து வாக்கியங்களே. ஒரு கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைக்கலாம். இவற்றைக் கைக்கொள்ளும் மாணவன் நாளை பொன்னாலைக் கரையில் நின்று ஒரு கடற்பஞ்சைக் கையிலெடுக்கும்போது, ‘இதில் மருந்து உண்டு’ என்று கூவமாட்டான். ‘இதில் யாது உண்டு?’ என்று கேட்பான். பேர்க்மான் கேட்டதும் அவ்வினாவே.